ரீங்காரம் எங்கிருந்து வருகிறது?

ஞாயிறு, இரவு

எம். டி. ராமநாதனின் கச்சேரியில் அவர் பாடுகின்ற இடங்களுக்குள்ள மகிமை, பாடாமல் தம்பூராவுக்கு விட்டுக்கொடுக்கின்ற இடங்களுக்கும் உண்டு என்பதை ஹெட்போனில் அவரைக் கேட்டுப் பழகியவர்கள் அறிவார்கள். நான் அண்மையில் கட்டி முடித்த வால்வு ஆம்ப்ளிபயரில் இன்று அவரைக் கேட்கையில், குரலின் கனமும் மிருதங்கத்துத் தொப்பியின் நாதமும் மனம் நிறையும்படி வந்தபோதிலும், அந்த மௌனங்களில் எல்லாம் ஒரு தாழ்ந்த ரீங்காரம் எழுந்து இரு காதுகளையும் அடைத்துக்கொண்டது.

சர்க்யூட் எளியது. முன்னே 12ஏயு7, ஒரே கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு டிரையோடுகள் இருப்பதால், காதுக்கு ஒன்றாக அவை பணிபுரிகின்றன. பின்னே 6080, மின்னழுத்தத்தைச் சீராக்கும் காரியத்துக்கென்றே உண்டாக்கப்பட்ட வால்வாயினும், அதன் உள் எதிர்ப்பு குறைவாக இருப்பதனால், 300 ஓம் ஹெட்போனை அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் தயவு இன்றியே இயக்கவல்லது. வால்யூம் குமிழை அடியோடு குறைத்துப் பார்த்தேன். பாட்டு மறைந்தது, ரீங்காரம் அணுவளவும் குறையவில்லை. ஆகவே பாட்டைக் கொண்டுவரும் ஒயர்கள் குற்றமற்றவை. தோஷம் குமிழுக்கு அப்பால்தான் இருக்கிறது.

திங்கள், இரவு

சால்டரிங் அயனைக் கையில் எடுப்பதற்கு முன், காதினால் அறியக்கூடியதை எல்லாம் அறிந்துகொள்வது விவேகம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. அதை முழு அலையாகத் திருத்தும் ரெக்டிபயருக்குப் பின் எஞ்சி நிற்கும் அலையோ விநாடிக்கு 100 முறை வருவது. இரண்டுக்கும் சரியாக ஒரு ஸ்தாயி வித்தியாசம். பில்டர் கெபாசிட்டர் பலமிழந்திருந்தால் மேல் ஸ்தாயி ஒலிக்க வேண்டும். ஹீட்டரோ டிரான்ஸ்பார்மரோ காரணமானால் கீழ் ஸ்தாயி ஒலிக்க வேண்டும்.

செல்போனில் 50 ஹெர்ட்ஸ் நாதம் ஒன்றை உண்டாக்கி ஆம்ப்ளிபயருக்குள் செலுத்தி, ரீங்காரத்தின் அளவுக்கு அதை உயர்த்தினேன். தம்பூராவின் இரு தந்திகள் மயிரிழை விலகி நிற்கும்போது எழுகின்ற அதே அலைவு, பெருகுவதும் தணிவதுமாக, மெதுவாகக் கேட்டது. 100 ஹெர்ட்ஸில் அது கேட்கவில்லை. யாரும் முதலில் சந்தேகப்படுகின்ற பில்டர் கெபாசிட்டர்கள், அவற்றை ஒரு முறையேனும் தொடாமலே, நிரபராதிகள் என்று தீர்ந்தன.

புதன், மாலை

ரிச்சி தெருவுக்குப் போயிருந்தேன். அங்கே வால்வு ரேடியோக்களோடு ஆயுளைக் கழித்த பெரியவர் ஒருவர், நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "சுவிட்சை அணைச்சிட்டு உடனே கேளுங்க சார். பாட்டு கொஞ்ச நேரம் ஓடும். ஹம் முதல்லயே நின்னுட்டா, அது வெளியிலேருந்து வரலை, பெட்டிக்குள்ளேயேதான் இருக்கு" என்றார்.

வீடு திரும்பியதும் அப்படியே செய்தேன். சூடேறிய கேத்தோடு ஒரு நொடியில் குளிர்ந்துவிடுவதில்லை. கெபாசிட்டர்களில் சேர்ந்திருக்கும் மின்சாரமும் உடனே வற்றிவிடுவதில்லை. சுவிட்சை அணைத்த அந்தக் கணமே ரீங்காரம் அறுந்துபோயிற்று. குரல் மட்டும் இன்னும் சில விநாடிகள், இதற்குமுன் இந்தப் பெட்டியில் நான் கேட்டிராத நிர்மலத்தோடு நின்று, பிறகு மெலிந்து ஓய்ந்தது.

வெள்ளி, இரவு

ரீங்காரம் பெட்டிக்குள்ளேயே 50 ஹெர்ட்ஸில் எழுவது என்று தெரிந்ததும், என் சந்தேகம் வால்வின் ஹீட்டர்மேல் சென்றது. 1904-இல் பிளெமிங் டையோடை அமைத்தார். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவது மின்வாயைச் சேர்த்தார். அக்காலத்து வால்வுகளின் இழைகள் பெரும்பாலும் பேட்டரியால் சூடேறியவை. ஆதலால் இந்த உபத்திரவத்துக்கு அவற்றில் இடமில்லை. 1920-களின் பிற்பகுதியில் வீட்டு மின்சாரத்தாலேயே வால்வைச் சூடேற்ற விரும்பியபோது, ஹீட்டரை உள்ளே வைத்து, கேத்தோடை அதன்மேல் தனி உறையாகப் பிரித்தார்கள். பிரித்த பிறகும், இடையிலுள்ள மெல்லிய காப்பினூடே 50 ஹெர்ட்ஸ் சிறிது கசியத்தான் செய்கிறது.

பேட்டரிக்குத் திரும்பினால் உண்மை தெரிந்துவிடும் என்று தோன்றிற்று. மின்இணைப்பைப் பிடுங்கி, கெபாசிட்டர்களை ஒரு ரெசிஸ்டர் மூலம் வடியவிட்டு, மிச்சம் ஒன்றுமில்லை என்று மீட்டரில் உறுதிசெய்துகொண்ட பின்னரே உள்ளே கை வைத்தேன். இவ்விஷயத்தில் அவசரம் உயிருக்கே அபாயம். 12ஏயு7-இன் ஹீட்டரை மட்டும் கழற்றி, எமர்ஜென்சி விளக்கின் 6 வோல்ட் பேட்டரியோடு இணைத்து, அதன் ஒரு முனையைச் சேஸிஸில் சேர்த்தேன். இழை செவ்வொளி பெற்றது, பாட்டு வந்தது, ரீங்காரம் இல்லை.

இனிச் சந்தேகம் ஓர் இடத்தில்தான். ஹீட்டரின் இரு முனைகளிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று சேஸிஸுக்குப் போகிறது. ஒரு முனை ஏறும்போது மறுமுனை அதே அளவு இறங்கினால், கசிவு கசிவை அழித்துவிடும் என்பதே அந்த ஏற்பாட்டின் தத்துவம். பழையபடி ஒயர்களை இணைத்து, ஒரு கையால் மட்டுமே மீட்டர் முனையைப் பிடித்து அளந்தேன். இரு முனைகளிலும் 3.15 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றில் ஏறக்குறைய பூஜ்யம், மற்றதில் 6.3.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது காரணம் பிரத்தியட்சமாயிற்று. ஒரு ரெசிஸ்டரின் கம்பியைச் சுற்றி, ஈயம் பளபளப்பின்றிச் சாம்பல் நிறமாகத் திரண்டு நின்றது. கம்பிக்கும் ஈயத்துக்கும் நடுவே நூலிழை போன்ற கறுப்பு வளையம். ரேடியோக்காரர்கள் டிரை சால்டர் என்று சொல்லுகிற நோய் இது. களிம்பேறிய கம்பியை ஈயம் சூழ்ந்துகொள்ளுமே தவிரப் பற்றிக்கொள்ளாது. மறுபடியும் மின்சாரத்தை வடித்து, பழைய ஈயத்தை உருக்கி எடுத்து, கம்பியை உப்புத்தாளால் தேய்த்து, பிளக்ஸ் தடவிப் புதிதாகப் பற்றவைத்தேன். இரு முனைகளிலும் 3.15 வோல்ட் நின்றது.

சனி, காலை

ரீங்காரம் நீங்கிற்று, தம்பூரா தன் இடத்தைத் திரும்பப் பெற்றது. வால்வையும் கெபாசிட்டரையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே போயிருந்தால், கை தற்செயலாக அந்த இணைப்பில் பட்டு அப்போதும் இது நீங்கியிருக்கக்கூடும். ஆனால் எதனால் நீங்கிற்று என்ற ஞானம் வாய்த்திராது. காரணம் தெரியாமல் தீர்ந்த பழுதைத் தீர்ந்ததாக நான் எண்ணுவதில்லை. ஒரு வேளைக்கு ஒரு மாற்றம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கேள்வி என்னும் நியமத்தைச் சிரத்தையோடு பின்பற்றுகிறவனுக்கு இந்த யந்திரம் எதையும் ஒளிப்பதில்லை.

பழைய ரேடியோப் பெட்டிகளின் உட்புறத்தில் எந்த வால்வு எங்கே இருக்க வேண்டும் என்ற படத்தை ஒட்டியிருப்பார்கள். அவ்வழக்கத்தை அனுசரித்து, பிளேட்டிலும் கேத்தோடிலும் ஹீட்டரின் இரு முனைகளிலும் இருக்க வேண்டிய அளவுகளை ஒரு தாளில் எழுதி, அடிமூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டேன். தான் கண்டதை அடுத்துத் திறப்பவருக்கு எழுதிவைப்பதும் பழுது பார்ப்பவனின் கடமை என்றே நான் கருதுகிறேன்.