ஐந்து விரல் விரித்து வாங்கிய ஓலை

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த உத்திரமேரூர்க் குடவோலையைப் பள்ளியில் படிக்காதவர் இல்லை. குடும்பு எனும் ஊர்ப் பிரிவுகள் 30, வயது 35-க்கு மேல் 70-க்குள், வரி கட்டும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு. பரீட்சைக்கு இவ்வளவு போதும். எனக்கோ குடத்தில் இட்ட அந்த ஓலைகள் பிறகு என்ன ஆயின என்பதில்தான் மனம் போகிறது.

அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள வாசகத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. மகாசபை கூடியிருக்கிறது. கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுக்கிறான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை நடுவரான மத்தியஸ்தனிடம் கொடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். வாங்கி வாசிக்க வேண்டும். அங்குள்ள நம்பிமார் அத்தனை பேரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அப்புறம்தான் அந்தப் பெயர் ஏறும்.

விரலை விரிக்கச் சொல்லிச் சட்டம் எழுதியவர்கள், விரலிடுக்கில் ஓலை ஒளிந்ததை எப்போதோ கண்டிருக்க வேண்டும். பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில், 919-இல் ஒரு விதி. இரண்டே ஆண்டில், 921-இல், அதைத் திருத்தி இன்னும் விரிவாக ஒரு விதி. சபையின் வேலைகளைக் கவனித்த குழுவான வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மைத்துனன், மருமகன் பெயரும் கூடாது. இவ்வளவு நீளமாக உறவுமுறையை அடுக்க வைத்த சண்டை எது, யாருக்கும் யாருக்கும்? சுவரில் அது இல்லை.

அது ஓலையில் இருந்திருக்கும். ஏரி வாரியத்தின் வரவு செலவு, பொன் வாரியம் மாற்றுப் பார்த்த பொன், தோட்ட வாரியத்தின் பேச்சு எல்லாமே ஓலைதான். ஓலைக்குப் பூச்சி உண்டு, ஈரம் உண்டு. எண்ணெய் பூசி வைத்தாலும் சில தலைமுறைக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து புதிய ஓலையில் படியெடுக்க வேண்டும். சபை இருந்தவரை அதற்கு ஆள் இருந்தது. சபை கலைந்தபின் யார் எடுப்பார்கள்? கல்லுக்கு அந்தக் கவலை இல்லை. 1898-இல் தொல்லியல் துறையினர் மை ஒற்றிப் படியெடுக்கும் வரை, கேட்பாரற்றும் அது நின்றது. அதனால் விதி நம் கையில் இருக்கிறது. அந்த விதிப்படி குடத்திலிருந்து வெளிவந்த பெயர்கள் இல்லை. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

இன்றும் இதே கதைதான். நம் ஊர்களில் எத்தனையோ இளைஞர் நற்பணி மன்றங்கள், பஜனைக் குழுக்கள், நாடக மன்றங்கள் இருந்து ஓய்ந்திருக்கின்றன. அவற்றின் பெயர்ப்பலகையும் ஆண்டுவிழா போட்டோவும் எங்காவது தொங்குகின்றன. தீர்மானப் புத்தகமும் சந்தா நோட்டும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகின்றன. யார் எவ்வளவு கொடுத்தார், யார் கோபித்துக்கொண்டு விலகினார் என்பதெல்லாம் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

921-ஆம் ஆண்டு விதியை எழுதிய மத்தியஸ்தன், சபையில் இருந்தவர்கள் பணிக்கத் தான் எழுதியதாகக் கடைசியில் தன் பெயரையும் பொறித்திருக்கிறான். அதுபோலவே, பரணில் அப்படியொரு மன்ற நோட்டு வைத்திருப்பவர்கள், எந்த ஊர், எந்த ஆண்டு, எழுதியது யார் என்று உள்ளட்டையில் குறித்து, இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைக் கிளை நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.