14 டன் அண்டர்வுட்

1915இல் சான்பிரான்சிஸ்கோவில் பனாமா-பசிபிக் உலகக் கண்காட்சி நடந்தது. பனாமா கால்வாய் திறந்ததைக் கொண்டாடவும், 1906 நிலநடுக்கத்தில் நொறுங்கிய நகரம் மறுபடி எழுந்துவிட்டதை ஊருக்குக் காட்டவும் எடுத்த விழா. அங்கே அண்டர்வுட் கம்பெனி 14 டன் எடையில் ஒரு டைப்ரைட்டரை நிறுத்தியிருந்தது. மேசைமேல் வைக்கும் மிஷினை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 12 மடங்கு பெருக்கினால் கன அளவில் 1,728 மடங்கு வரும், அதுதான் இது. வெறும் பொம்மை இல்லை. சாதாரண டைப்ரைட்டர் ஒன்றில் எழுத்தைத் தட்டினால், மின் இணைப்பு வழியாக இந்த ராட்சதனும் அதே எழுத்தை அடிக்கும்.

அந்தக் கண்காட்சியின் பதக்கங்களையும் படத் தபால் அட்டைகளையும் தேடிச் சேகரிக்கிறவர்கள் இன்றும் உண்டு. ராட்சத அண்டர்வுட் இருக்கும் அட்டை கண்ணில் பட்டால் அந்த இடத்தைவிட்டு என்னால் நகர முடிவதில்லை. நான் டைப்ரைட்டிங் பழகியது அண்டர்வுட்டில். இன்ஸ்டிடியூட்டில் பரீட்சைக்குப் போகிறவர்களுக்குப் புது மிஷின்கள். லோயர் பரீட்சைக்குப் படிக்க அப்போதுதான் சேர்ந்த எங்களுக்கு ஓரத்தில் அந்தப் பழைய கறுப்பு மிஷின். 'ஏ' விழ இடது சுண்டுவிரலுக்கு இருந்த பலமெல்லாம் வேண்டும். வரி முடியச் சில எழுத்துகள் இருக்கும்போதே டிங் என்று மணி அடிக்கும். லீவரைத் தள்ளினால் கேரேஜ் கரகரவென்று வலப்பக்கம் ஓடும். மை ரிப்பன் வாசனை வீடுவரை விரலோடு வரும்.

அண்டர்வுட்டுக்கு முந்தைய மிஷின்கள் பலவற்றில் எழுத்து உருளைக்கு அடியில் போய் விழும். அடித்ததைப் பார்க்க கேரேஜைத் தூக்க வேண்டும். பிரான்ஸ் வாக்னர் வடிவமைத்த அண்டர்வுட்டில் எழுத்துக் கம்பி முன்பக்கம் எழும்பி, அடிப்பவர் கண்ணெதிரே எழுத்தைப் பதித்தது. குமாஸ்தா மட்டுமே பார்த்துவந்த அந்தக் கணத்தைக் கண்காட்சியில் ஒரு கூட்டமே அண்ணாந்து பார்க்கும்படி செய்தார்களே, அதற்காகவே அந்தக் கம்பெனியைக் கும்பிடத் தோன்றுகிறது. இப்போது நாள் முழுக்கத் தட்டுகிறேன். எழுத்து திரையில் வந்துவிடுகிறது; எங்கிருந்து, எப்படி என்பது கண்ணுக்குப் படுவதில்லை. அந்தக் கம்பி எழும்பும் காட்சிக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியிலும் ராட்சத அண்டர்வுட் நின்றது. பிறகு போர் வந்தது, உருக்கிவிட்டார்கள். இரும்புக்குத் தவித்த காலம், புரிகிறது. ஆனாலும் ஒரே ஒரு எழுத்துக் கம்பியையாவது கழற்றி வைத்திருக்கக் கூடாதா?