கடல்கடந்த உத்தியோகமும் ஊர்த்தறியும்

அயல்நாட்டில் உத்தியோகம் பார்ப்பவன் தன் ஊர் வியாபாரத்திற் பங்கு வைத்துக்கொள்ளலாமா என்று நம் கல்லூரி மாணவர் சிலர் என்னை வினவுவதுண்டு. அமெரிக்கா செல்ல விரும்பும் அவர்களுட் பலர்க்குச் சங்கரன்கோவிலிலோ புளியங்குடியிலோ விசைத்தறி உண்டு. ஆதலின் வினா வீணானதன்று. எமது தறிக்கூடத்திற் பன்னிரண்டு தறிகள் ஓடுகின்றன. தந்தையார், தமக்கையார், யான் ஆகிய மூவரும் அதிற் கூட்டாளிகள்.

யான் பெற்றுள்ளது எச்-1பி விசா. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட இவ்விசாவை உடையவன், தனக்காக விண்ணப்பித்த முதலாளியிடமே ஊழியம் செய்தல் வேண்டும். பொதுவாக ஆறாண்டே எல்லை. பிறிதொரு தொழிலிற் பங்குடையவனாயிருத்தலை அது தடுப்பதில்லை. உடைமை வேறு, உழைப்பு வேறு என்பதே அதன் கருத்து. ஏட்டில் இஃது எளிது. தொலைபேசி மணி அடிக்கும்போது அவ்வளவு எளிதன்று.

கோடையில் நியூஜெர்சியில் இரவு 9 மணியாகுங்கால் ஊரில் மறுநாட் காலை 6.30. தந்தையார் அழைப்பது அந்நேரத்தில்தான். நூல் விலை ஏறுகிறது, இப்பொழுதே வாங்கி வைக்கலாமா? தறி ஓட்டுவோர் கூலி உயர்வு கேட்கின்றனர், என்ன சொல்லட்டும்? மகன் தந்தைக்கு யோசனை கூறுதலும் ஊழியமோ என்று நீங்கள் நகைக்கலாம். யானும் நகைத்தவனே. ஆயினும், அமெரிக்க மண்ணில் அமர்ந்து அயல்நாட்டுத் தொழிலை நாடோறும் நடத்துவது பற்றி வழக்கறிஞர் யாவரும் ஒரே விடை கூறுகின்றாரில்லை.

நிற்க. வரி விஷயம் ஐயத்திற்கு இடமில்லாதது. அங்குப் போதிய நாட்கள் தங்கியவன், உலகில் எங்கு ஈட்டிய வருவாயையும் அந்நாட்டுக் கணக்கிற் காட்டல் வேண்டும். இங்குச் செலுத்திய வரிக்குக் கழிவு பெற வழியுண்டு. அயல்நாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டாலரைக் கடந்தால், தனி அறிக்கை அனுப்புதல் வேண்டும். பணம் நம்முடையதாக இருத்தல் வேண்டுமென்பதும் இல்லை. கையொப்பமிடும் அதிகாரமே போதும். வேண்டுமென்றின்றி அறிக்கையை விடுத்தவர்க்குத் தண்டம் கணக்குதோறுமன்று, அறிக்கைதோறுமே என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் விதியுண்டு: அயல்நாடு சென்றவனுடைய சாதாரணச் சேமிப்புக் கணக்கு என்.ஆர்.ஓ. கணக்காக மாறுதல் வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, பங்கை விட்டொழித்தால் என்ன என்பார்க்கு ஒன்று கூறுவேன். வேலை போனால் பிறிதொரு முதலாளியைத் தேடிக்கொள்ள அங்குக் கிடைக்கும் தவணை பெரும்பாலும் 60 நாட்களே. அத்தவணையில் என் நண்பரொருவர், குழந்தையின் பள்ளி ஆண்டு முடியுமுன்பே வீட்டுப் பொருள்களை விற்றதைக் கண்டேன். திரும்பினால் அமர ஒரு திண்ணை வேண்டாமா?

ஆகவே பங்கை வைத்துக்கொண்டேன். வங்கியிற் கையொப்பமிடும் அதிகாரத்தை விட்டேன். தறிக்கூடத்து ஏடுகளெல்லாம் தமக்கையார் வசமாயின. கணக்கில் அவர் என்னினும் வல்லவர். ஊரார்தாம் அதைச் சொல்வதில்லை. “அக்காளைக் கேளுங்கள், அப்பா” என்று பலமுறை கூறிய பிறகே தந்தையார் இணங்கினார். இப்பொழுதும் அதே நேரத்தில் அழைக்கிறார். உண்டாயா, அங்குக் குளிர் எப்படி என்று கேட்கிறார். பிறகு சிறிது நேரம் பேசாதிருக்கிறார். பின்னால் தறிகள் ஓடும் ஓசை கேட்கிறது.