ஆதரவற்றவள் என்று எழுதும் வயது

முதியோர் உதவித்தொகைக்கு எந்த வயதில் மனு கொடுக்கலாம் என்று கேட்டால் அரசாணை ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடும்: அறுபது. நைனார்பாளையத்தில் எங்கள் தெருப் பெண்களிடம் கேட்டால் அப்படி வராது. "சின்னவனுக்குக் கல்யாணம் ஆவட்டும்." "பேத்திக்குக் காது குத்தி முடியட்டும்." "இப்ப என்ன அவசரம், கையி காலு நல்லாத்தான இருக்குது." இப்படித்தான் வரும். இந்தப் பதில்களில் எதிலும் வயது இல்லை என்பதை நான் வெகுகாலம் கவனித்து வந்திருக்கிறேன்.

வயதே முதலில் ஒரு சிக்கல். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969-ல். அதற்கு முன்னால் வீட்டில் பிறந்த பெண்குழந்தையின் தேதியை யார் எழுதி வைத்தார்கள்? ஆதார் எடுத்தபோது பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் சனவரி 1 என்று போட்டார்கள். எங்கள் தெருவில் பாதிக் கிழவிகளுக்கு ஆங்கிலப் புத்தாண்டு அன்றுதான் பிறந்தநாள். என் அத்தைக்கும் அப்படியே, 01.01.1958. ஆனால் எம்ஜிஆரைச் சுட்ட வருஷம் தான் வயசுக்கு வந்ததாக அத்தை சொல்லும். அது 1967 சனவரி. ஒன்பது வயதில் வயதுக்கு வருவது அபூர்வம். நான்கைந்து வருடம் எங்கோ ஒரு கணினியில் தொலைந்துபோயிருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து படிக்க வரும் என் மாணவிகளின் பாட்டிகளுக்கு இதைவிட அதிகமாகத் தொலைந்திருக்கிறது. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. அங்கே வயதைப் பார்வையில்தான் மதிப்பிட்டு எழுதினார்கள்.

ஆதார்படி பார்த்தாலும் அத்தைக்கு 2018-ல் அறுபது ஆகிவிட்டது. மனு கொடுத்தது 2024-ல். நடுவில் ஆறரை வருடம். 2023 ஆகஸ்டில் தொகை 1,200 ஆகும்வரை மாதம் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரம் ரூபாய்க் காலத்தை மட்டும் கணக்கிட்டாலே 67 மாதம், 67,000 ரூபாய். மரவள்ளிக் கிழங்கு சீவியும் கரும்புத் தோட்டத்தில் சோகை உரித்தும் அவ்வளவு காசை அத்தை ஒருசேரக் கண்ணால் பார்த்ததில்லை.

தாமதித்தால் லாபம் என்கிற கணக்கும் உலகத்தில் இருக்கிறது. வருங்கால வைப்புநிதியில் இருக்கிற தொழிலாளிக்கு 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டப்படி 58 வயதில் முழு ஓய்வூதியம். ஐம்பதுக்குப் பிறகு முன்கூட்டியே எடுத்தால் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும். அறுபது வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும். அமெரிக்காவில் 62 வயதில் எடுக்கலாம், 67-ல் எடுக்கலாம், 70 வரை பொறுத்தால் வருடத்துக்கு 8 சதவீதம் கூடுதல். ஆணைவிடப் பெண் நீண்ட நாள் வாழ்வதால் பெண்கள் பொறுத்து எடுப்பது நல்லது என்று அங்கே ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அத்தை பொறுத்ததற்கு ஒரு சதவீதமும் இல்லை. மனு கொடுக்காத மாதம் போன மாதம்தான். நிலுவை என்ற பேச்சே கிடையாது.

அப்படியானால் ஏன் பொறுத்தாள்? படிவத்தில் இருக்கிற ஒரு சொல்லால்.

ஆதரவற்ற. தமிழ்நாட்டில் இந்த உதவித்தொகைகள் வந்த வரிசையைப் பாருங்கள். 1962-ல் முதியோருக்கு, மாதம் 20 ரூபாய். 1975-ல் ஆதரவற்ற விதவைகளுக்கு. 1986-ல் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு. 2008-ல் ஐம்பது வயது கடந்த, திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு. நல்ல திட்டங்கள்தான். எத்தனையோ அடுப்புகள் இவற்றால் எரிந்திருக்கின்றன. ஆனால் ஒரு பெண் எதற்குள் வருவாள் என்பதை எது தீர்மானிக்கிறது? செத்துப்போன ஆண், ஓடிப்போன ஆண், வராமலே போன ஆண். முதியோர் உதவித்தொகையில் சோறு போடாத மகன். எந்த ஆண் இல்லை என்பதற்குப் படிவத்தில் இடம் இருக்கிறது. அவள் என்ன வேலை செய்தாள், எத்தனை வருடம் செய்தாள் என்று எழுத ஒரு வரிகூட இல்லை.

பெயரிலேயே அது இருக்கிறது. நான் 2009-ல் கல்லூரியில் சேர்ந்தவள். 2003 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவர்களுக்கான பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டேன். மாதாமாதம் சம்பளத்தில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். அது சரியில்லை, பழைய திட்டம் வேண்டும் என்று நாங்கள் போராடுகிறோம், போராட வேண்டியதுதான். ஆனாலும் எனக்குக் கிடைக்கப்போவதன் பெயர் ஓய்வூதியம். ஊதியம் என்றால் குறளில் லாபம், பேறு. இன்று நமக்கு உழைப்புக்கான கூலி. ஓய்ந்த பிறகும் தொடர்கிற கூலி ஓய்வூதியம். அத்தைக்குக் கிடைப்பது உதவி. ஒருநாள் என் சம்பளச் சீட்டைக் காட்டி, பிடித்தம் போக இவ்வளவுதான் வருது அத்தை என்று புலம்பினேன். அத்தை சிரித்தது.

"புடிக்கிறாங்கன்னா உன் பேர எங்கயோ எழுதி வச்சிருக்காங்கன்னு அர்த்தம் பாப்பா. என்கிட்ட யாரு எதப் புடிச்சாங்க? கூலிய எண்ணிக் கையில குடுத்தாங்க, அத்தோட சரி."

ஐடா மே ஃபுல்லர் என்ற பெண்மணியின் கதையை அப்போது அத்தைக்குச் சொன்னேன். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் மாதாந்திரக் காசோலை 1940 சனவரியில் அவருக்குத்தான் போனது, 22 டாலர் 54 சென்ட். திருமணம் செய்துகொள்ளாதவர், வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மூன்று வருடத்தில் அவர் சம்பளத்தில் பிடித்தது 24 டாலர் 75 சென்ட்தான். நூறு வயது வரை வாழ்ந்து 22,888 டாலர் வாங்கினார். அந்தம்மாவை யாரும் உனக்குப் புருஷன் உண்டா, பிள்ளை உண்டா என்று கேட்கவில்லை. பிடித்த கணக்கு இருந்தது, கொடுத்தார்கள். அந்தத் திட்டத்திலும் தொடக்கத்தில் வயல்வேலை செய்தவர்களையும் வீட்டுவேலை செய்தவர்களையும் சேர்க்கவில்லை என்பதை அத்தையிடம் சொல்லவில்லை. அதைக் கேட்டால் அத்தை ஆச்சரியப்பட்டிருக்காது.

மாமா இறந்தது 2009-ல். அப்போதே விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அத்தை அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. "ஆத்தாளுக்குக் கஞ்சி ஊத்த வக்கில்லாதவன்னு பேரு வந்தா எவன் பொண்ணு குடுப்பான்?" பெரியவருக்குக் கல்யாணம் ஆனது. பிறகு சின்னவருக்கு. பிறகு பேரப்பிள்ளைகள், சீர், மொய். ஒவ்வொரு தடவையும் ஊருக்கு முன்னால் பிள்ளைகளின் முகத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பெரிய அத்தான் ஊரிலேயே டெம்போ ஓட்டுகிறார், அவரோடுதான் அத்தை இருக்கிறது. சின்ன அத்தான் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இருவரும் கெட்டவர்கள் இல்லை. அம்மாவுக்குச் சோறு உண்டு, காய்ச்சல் வந்தால் ஊசி உண்டு. வெற்றிலைக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் பேத்திக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்கும் அத்தை மகனிடம் கேட்க வேண்டும். கேட்டால் கொடுப்பார். கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம். நூறு நாள் வேலைக்கு முட்டிவலியோடு அத்தை போய்க்கொண்டிருந்தது இதற்காகத்தான்.

சட்டம் ஒன்று இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. கோட்டாட்சியர் முன்னால் தாய் மனு கொடுத்தால் பிள்ளைகள் மாதம் பத்தாயிரம் வரை கொடுக்கும்படி உத்தரவிடலாம். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப ஒண்ணு புள்ளைங்க மேல கேஸு போடணும், இல்லன்னா புள்ளைங்க பாக்கலன்னு எழுதிக் குடுக்கணும். சும்மா வயசாயிடுச்சுன்னு சொன்னா பத்தாதா மேடம்?" அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை வந்தது. மாதம் ஆயிரம், தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு. அந்த விண்ணப்பத்தில் கேட்டவை வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ளா, நிலம் எவ்வளவு, வருடத்துக்குக் கரண்ட் எத்தனை யூனிட். மகன் சோறு போடுகிறானா என்று அதில் ஒரு கேள்வி இல்லை. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்று அத்தை பெயர் இருந்ததால் அத்தைக்கு வந்தது. குறுஞ்செய்தி வந்த அன்று எனக்குப் போன் போட்டுப் படிக்கச் சொன்னது. உரிமை என்ற சொல்லை இரண்டு தடவை படிக்கச் சொன்னது. அரசியல் கணக்கு எதுவாகவும் இருக்கட்டும், ஒரு திட்டத்துக்கு வைக்கிற பெயர் வாங்குகிறவளின் முதுகை நிமிர்த்தும் என்பதை நான் அந்தக் குரலில் கேட்டேன்.

ஆனால் ஒரு கார்டுக்கு ஒரு பெண்தான். அத்தைக்கு வந்தால் மருமகளுக்கு இல்லை. அக்கா (அத்தான் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். தையல் மெஷினுக்கு வாங்கிய குழுக் கடனை வாரம் தவறாமல் கட்ட வேண்டும். அறுபது கடந்த அத்தை முதியோர் தொகைக்கு மாறினால் 1,200 கிடைக்கும். உரிமைத்தொகைக்கு அக்கா மனு கொடுக்கலாம். வீட்டில் முதியோர் தொகை வாங்குகிறவர் இருந்தாலும் தகுதியுள்ள மற்ற பெண் விண்ணப்பிக்கலாம் என்று அரசு விதியைத் தளர்த்தியிருந்தது. ஒருத்திக்கே இரண்டும் கிடையாது, அவ்வளவுதான். கணக்கு என்று பார்த்தால் வீட்டுக்கு மாதம் 1,200 லாபம். அதற்கு அத்தை உரிமையை விட்டு உதவிக்கு வர வேண்டும். இத்தனை வருடம் எழுத மறுத்த சொல்லை எழுத வேண்டும்.

அக்கா கேட்கவில்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாமியார் மருமகள் என்றாலே நாம் வேறு கதை எதிர்பார்ப்போம். குழுக்காரர்கள் வாசலில் நின்ற ஒரு நாளுக்குப் பிறகு அத்தையே சொன்னது, "வா, போயி எழுதிக் குடுத்துட்டு வரலாம்." அது 2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் பலியான மாதம். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதே பேச்சு. "அந்தப் பொண்ணுங்க முப்பது வயசுல இந்தக் காயிதத்த எழுதப் போவுதுங்க. எனக்கு என்னா கேடு" என்றது அத்தை. இ-சேவை மையத்துக்கு இருவரும் பஸ்ஸில் போனார்கள். அத்தானிடம் சொல்லவில்லை.

விசாரணைக்கு வந்தவர் வாசலில் நின்று எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "புள்ளைங்க பாத்துக்கறாங்களாம்மா?"

இல்லை என்று சொன்னால் போதும், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று மனு எழுதியவர் சொல்லி அனுப்பியிருந்தார். அத்தை சொன்னது இது: "பாத்துக்கறாங்க சாமி. சோறு போடறாங்க. நான் பத்து வயசுலருந்து வேல செஞ்சிருக்கேன், எனக்குன்னு ஒரு காசு வேணாமா?"

அவர் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. மனு தள்ளுபடி ஆகவில்லை.

அத்தானுக்கு விஷயம் டீக்கடையில் தெரிந்தது. "என் மானத்த வாங்கிட்ட" என்று கத்திவிட்டு ஒன்றரை மாதம் அம்மாவோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை அக்கா வைத்தாள், அத்தை தின்றது, அத்தான் திண்ணையில் படுத்தார். அதற்கு நடுவில் மூன்று மாதம் உரிமைத்தொகையும் இல்லை, முதியோர் தொகையும் இல்லை. அந்த மூன்று மாதமும் அத்தை மறுபடி நூறு நாள் வேலைக்குப் போனது. நான் கொடுத்த பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. "உங்கிட்ட வாங்கறதுக்கா இவ்ளோ பாடு பட்டேன்" என்றது.

2025 சனவரியில் உத்தரவு வந்தது. முன்பெல்லாம் போஸ்ட்மேன் மணியார்டரில் கொண்டுவருவார். இப்போது வங்கியின் ஆள் கைரேகை மெஷினோடு ஊருக்கு வருகிறார். கிழங்கு சீவிச் சீவித் தேய்ந்த கட்டைவிரலை மெஷின் ஏற்கவில்லை. ஒவ்வொரு விரலாக வைத்து மோதிரவிரலில் பச்சை விளக்கு எரிந்தது. இப்போது முதலிலேயே மோதிரவிரலைத்தான் நீட்டுகிறது.

இதைப் படிக்கிற மாணவிகளுக்கு ஒரு செய்தி. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த நல வாரியங்கள் இருக்கின்றன. தையல், கட்டுமானம், வீட்டுவேலை என்று தனித்தனியாக. அறுபதுக்கு முன்னால் பதிந்து வைத்தால் அறுபதில் அங்கே தருவதன் பெயர் ஓய்வூதியம். அங்கே கேட்பது என்ன தொழில் செய்தாய் என்பதை. உங்கள் அம்மாவுக்கு ஐம்பது வயதென்றால் இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். அக்காவைத் தையல் தொழிலாளர் வாரியத்தில் பதியச் சொல்லி நான்தான் நச்சரித்தேன். அவளுக்கு 38 வயது. அட்டை வந்துவிட்டது. அதில் தொழில் என்ற இடத்தில் தையல் என்று இருக்கிறது.

உரிமைத்தொகைக்கு அக்கா 2025 ஜூலையில் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' முகாமில் மனு கொடுத்திருக்கிறாள். இதை எழுதும்வரை பதில் இல்லை. அதுவரைக்கும் என்று சொல்லி அத்தை தன் 1,200-ல் மாதம் 500-ஐ அக்கா கையில் கொடுக்கிறது. குழுக் கடனுக்கு. இனாம் இல்லை, கைமாத்து என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. ஜாக்கெட் அளவு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் அக்கா தேதி போட்டு எழுதி வருகிறாள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மாதாமாதம் நோட்டை வாங்கி, தன் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டு விரல் வைத்துப் பார்க்கும். போன வாரம் நான் போயிருந்தபோது எட்டு வரி இருந்தது, 4,000 ரூபாய்.