எந்த ஊரில் தங்குவது?



ஜூன் மாதம் பிரான்சின் தோர்தோஞ் பகுதிக்கு மகள் குடும்பத்தோடு காரில் போகிறோம். ஒரே கிராமத்தில் ஒரு வாரம் தங்கி, தினமும் ஒரு பக்கம் போய்வரலாம் என்று திட்டம். எந்தக் கிராமம் என்பதில்தான் வீட்டில் விவாதம்.

மகளுக்கு டோம் பிடித்திருந்தது. மலைமேல் கோட்டை மதில் சூழ்ந்த ஊர், கீழே ஆறு. படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நான் லெஸ் எய்சி என்றேன். வேசேர் ஆற்றங்கரைச் சிற்றூர். ரொட்டிக் கடை, ரயில் நிலையம், தொல்வரலாற்று அருங்காட்சியகம் எல்லாம் நடக்கும் தூரம். 1868இல் குரோ-மாக்னன் மனிதரின் எலும்புகள் கிடைத்ததும் இங்குதான். வகுப்பில் நான் கரும்பலகையில் வரைந்த காளைகள் நினைவிருக்கிறதா? அந்த லாஸ்கோ குகை சுமார் 25 கி.மீ. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் கெடுவதால் 1963இல் மூடிவிட்டார்கள். அருகிலேயே 2016இல் திறந்த பிரதியைப் பார்க்கலாம்.

ஆனால் நான் பார்த்தது என் கணவரின் முழங்காலை. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எந்த ஊரும் ஒன்றுதான். அவர் காலையில் தானே நடந்து போய் ரொட்டி வாங்கி வந்தால், அந்த நாள் அவருடையது. இல்லையென்றால் மகள் எழும்வரை ஜன்னலோரம் காத்திருக்க வேண்டும்.

மகள் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு லெஸ் எய்சியிலேயே வீடு பதிவு செய்தாள். டோமுக்கு ஒரு மாலை போவோம்.

பெற்றோரை அழைத்துப் போகும் பிள்ளைகளே, வீடு பிடிக்குமுன் கேளுங்கள்: ரொட்டிக் கடைக்கு எத்தனை நிமிட நடை? வழியில் எத்தனை படி? வாரத்தில் எந்த நாள் கடை விடுமுறை?