பேலூர் பார்க்காத அம்மாவும் பர்மா போன ஸ்கூட்டரும்

மைசூர்க்காரர்களுக்கு பேலூர் ஒரு தூரமே அல்ல. சுமார் 150 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் ஹொய்சளர் சிற்பங்களின் முன் நிற்கலாம். ஆனால் மைசூரில் வாழ்ந்த சூடாரத்னம்மா அறுபது வயதைத் தாண்டியும் அந்தக் கோயிலைப் பார்த்ததில்லை. கூட்டுக் குடும்பம், நாளெல்லாம் அடுப்படி. "பிறகு போகலாம்" என்று ஒத்திப்போட்டதில் ஆண்டுகள் ஓடிவிட்டன. கணவரும் 2015-ல் காலமானார்.

மகன் கிருஷ்ணகுமாருக்கு பெங்களூரில் தனியார் நிறுவன வேலை. ஒருநாள் பேச்சுவாக்கில், பெரிய பெரிய க்ஷேத்திரங்களின் பெயரைச் சொல்லி, அதையெல்லாம் பார்த்திருக்கிறாயா என்று அம்மாவைக் கேட்டார். பக்கத்திலிருக்கும் பேலூரையே பார்த்ததில்லை என்று பதில் வந்தது. மகனுக்கு அது சுருக்கென்று தைத்தது. வேலையை விட்டார். 2018 ஜனவரி 16 அன்று, அப்பா வாங்கித் தந்த பழைய பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரின் பின்சீட்டில் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு மைசூரிலிருந்து கிளம்பினார். அந்த ஸ்கூட்டரையே அப்பாவாக நினைப்பதால் பயணத்தில் மூன்று பேர் என்பது அவர் கணக்கு.

பட்ஜெட் பயணம் என்றதும் மலிவான டிக்கெட்டையும் தள்ளுபடி ஓட்டலையும் தேடுவதுதான் நம் வழக்கம். கிருஷ்ணகுமாரின் கணக்கு வேறு மாதிரி. எவையெல்லாம் தேவையில்லை என்பதில் அது தொடங்கியது. டிக்கெட் தேவையில்லை, ஸ்கூட்டர் இருக்கிறது. ஓட்டல் தேவையில்லை, மடங்களும் ஆசிரமங்களும் கோயில் சத்திரங்களும் இருக்கின்றன. அவசரமும் தேவையில்லை, வேலையைத்தான் விட்டாயிற்றே. செலவுக்குச் சொந்தச் சேமிப்பு. இந்தக் கணக்கில் அவர்கள் இந்தியாவை மட்டுமல்ல, நேபாளத்தையும் பூடானையும் மியான்மரையும் பார்த்துவிட்டார்கள்.

தென்கிழக்காசியா என்றால் நமக்கு விமானம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தப் பிராந்தியத்தில் இந்தியாவோடு நில எல்லை கொண்ட நாடு ஒன்று உண்டு. மணிப்பூரின் மோரே நகரத்திலிருந்து ஒரு பாலத்தைத் தாண்டினால் பர்மாவின் தமு. அங்கிருந்து காலேம்யோ வரையிலான சுமார் 160 கிலோமீட்டர் சாலையை இந்தியாவே போட்டுக்கொடுத்து 2001-ல் திறந்தது. 2018 ஆகஸ்ட் 8 அன்று, பாஸ்போர்ட்டும் விசாவும் உள்ள பயணிகளுக்கு மோரே-தமு வாசல் முறைப்படி திறக்கப்பட்டது. கையில் காசு குறைவாகவும் நாள் அதிகமாகவும் வைத்திருந்தவர்களுக்கு அது நல்ல செய்தி.

தமிழர்களுக்கு அந்த வழி புதிதல்ல. 1942-ல் ஜப்பானியப் படைக்குப் பயந்து பர்மாவிலிருந்து நடந்தே வந்த இந்தியர்களில் பலர் தமு வழியாகத்தான் வந்தார்கள். 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, வியாபாரங்களை அரசுடைமையாக்கியபோது இன்னொரு கூட்டம் வெளியேறியது. தாயகம் வந்த சிலருக்குத் தமிழ்நாடு ஒட்டவில்லை. தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பிப்போகப் பார்த்தார்கள். வாசல் திறக்கவில்லை. எல்லையில் நின்றவர்கள் அங்கேயே குடியேறினார்கள். மோரேயில் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் வந்த கதை இதுதான்.

வசந்த காலத்தில் பர்மா போக நினைப்பவர்கள் காலண்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நமக்குச் சித்திரைப் பிறப்பு என்றால் அவர்களுக்குத் திஞ்சான். ஏப்ரல் நடுவில் தெருவெல்லாம் தண்ணீர் இறைத்து விளையாடும் புத்தாண்டு. பார்க்க அழகு, பர்சுக்கு ஆபத்து. கடைகள் பல நாட்கள் மூடிக்கிடக்கும், பஸ்களில் இடம் கிடைக்காது, அறை வாடகை ஏறும். மத்திய பர்மாவின் வறண்ட சமவெளியில் அப்போது வெயில் 40 டிகிரியைத் தொடும். வயதானவர்களோடு போவதென்றால் பிப்ரவரியே மேல்.

மடத்தில் தங்கும் உத்தியும் அங்கே அவ்வளவாகச் செல்லுபடியாகாது. வெளிநாட்டுப் பயணிகள் பொதுவாக உரிமம் பெற்ற விடுதிகளில்தான் தங்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. டாலர் நோட்டு கொண்டுபோனால் மடிப்போ கறையோ இருக்கக்கூடாது. புத்தம்புதுசாக இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள்.

இத்தனை பாட்டுக்கும் பலன் பகானில் இருக்கிறது. ஐராவதிக் கரையில் ஆயிரக்கணக்கான கோபுரங்கள். யுனெஸ்கோ 2019-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அந்த ஊரில், 13-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. மலைமண்டலத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர் நானாதேசி விண்ணகர் என்ற விஷ்ணு கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்ததைச் சொல்லும் கல் அது. சேர நாட்டிலிருந்து அத்தனை தூரம் போனவர் கோயிலுக்குக் கதவு செய்து கொடுத்திருக்கிறார்.

இன்று அந்த நாட்டின் கதவே திறப்பாக இல்லை. 2020-ல் கொரோனாவால் எல்லை வாசல் அடைபட்டது. 2021 பிப்ரவரியில் ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடிக்க, உள்நாட்டுப் போர் மூண்டது. 2023 மே மாதக் கலவரத்தில் மோரே எரிந்தது. தமிழர் வீடுகளும் தப்பவில்லை. 2025 மார்ச் 28 அன்று வந்த பூகம்பம் மாண்டலேயையும் சகாயிங்கையும் குலைத்துப்போட்டது. அந்த வழியே சுற்றுலா போகலாம் என்று இன்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது.

தாயும் மகனும் மாட்டிக்கொள்ளாமல் இல்லை. 2020 ஊரடங்கின்போது பூடான் எல்லையருகே ஒரு மாதத்துக்கும் மேல் முடங்கிக்கிடந்தார்கள். பிறகு அனுமதி வாங்கி, ஒரே வாரத்தில் 2,600 கிலோமீட்டருக்கு மேல் அதே ஸ்கூட்டரில் ஓட்டி, செப்டம்பரில் மைசூர் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் வண்டி மொத்தம் 56,000 கிலோமீட்டர் தாண்டியிருந்தது. இவர்கள் கதையைக் கேட்ட தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா 2019-ல் ஒரு கார் பரிசளிக்க முன்வந்தார். ஆனாலும் 2022-ல் இருவரும் மறுபடி கிளம்பியது ஸ்கூட்டரில்தான்.

எல்லாராலும் வேலையை விட முடியாது. விட வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் பயணத் திட்டம் போட உட்காரும் குடும்பங்கள் நோட்டில் முதலில் எழுதுவது பணத்தைத்தான். அது சேரும் வரை தள்ளிப்போடுகிறார்கள். பணம் சேரும்போது அம்மாவின் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. முழங்கால் நன்றாயிருந்தால், போக நினைத்த நாட்டின் வாசல் மூடியிருக்கிறது. 2018-க்கும் 2020-க்கும் நடுவில் மோரே வாசல் திறந்திருந்த காலம் இரண்டு ஆண்டுகூட இல்லை.

வியட்நாமோ தாய்லாந்தோ, அடுத்த வசந்தத்துக்கு எது கட்டுப்படியாகும் என்று மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். பேலூருக்கு நாளைக் காலையிலேயே பஸ் இருக்கிறது.