ஏழு சுரமும் எட்டாம் மூலகமும்

பாடம் கசப்பதும் பாட்டு இனிப்பதும் மாணவர் உலகிற்குப் புதியனவல்ல. நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். எண்சுவடியை இராகமிட்டு ஓதுவித்தனர். யாழ்ப்பாணத்து அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களும் செய்யுளால் ஆனவையே.

ஆயினும், விஞ்ஞான வகுப்பிற் பாட்டுக்கு இடமுண்டோ என ஐயுறுவோர் பலர். பெயர்கள் மனத்திற் பதியும். பொருள் பதியுமோ என்பது அன்னார் வினா. அவ்வையம் முற்றும் பிழையன்று. அமெரிக்கக் கணித ஆசிரியரான ரொம் லேரர், 1959 ஆம் ஆண்டளவில் அறியப்பட்டிருந்த 102 மூலகங்களையும் ஒரு நகைச்சுவைப் பாட்டில் அடுக்கினார். கேட்போர் வியந்தனர். எனினும் அவ்வரிசை ஓசைநயம் நோக்கியது. மூலகங்களின் உறவினை அது உரையாது.

உறவினை உரைக்கும் பாட்டும் உண்டு. 1865 ஆம் ஆண்டில் ஆங்கில இரசாயன அறிஞர் யோன் நியூலன்ட்சு, மூலகங்களை அணுநிறை வரிசையில் நிறுத்தி நோக்கினார். ஒன்றிலிருந்து எண்ணிவர, எட்டாவது மூலகம் முதலாவதன் குணத்தை ஒத்திருந்தது. ஏழு சுரங்களின் பின் மீண்டும் சட்சம் வருவதுபோன்றதே இஃதெனக் கருதி, தம் விதிக்கும் இசையின் பெயரையே இட்டார். மறு ஆண்டு இலண்டன் இரசாயனச் சங்கத்தில், "அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீரோ?" என ஒருவர் எள்ளினார். 1887 இல் வேத்தியற் சங்கம் அவருக்கு டேவி பதக்கம் வழங்கியது.

இப்பகுதியைக் கற்பிக்கும்போது நாம் மாணவரைப் பாடவே செய்வோம். சட்சத்தில் இலிதியம்; தொடர்ந்து பெரிலியம், போரன், காபன், நைதரசன், ஒட்சிசன்; நிசாதத்திற் புளோரீன். மேற்சட்சத்தை எட்டும்போது சோடியம் வந்து நிற்கும். அங்கிருந்து மீண்டும் ஏழு சுரம் ஏறினால் பொற்றாசியம். மூன்றும் நீருடன் தாக்கமுறும் மென்மையான உலோகங்கள் என்பதைப் பாடியவர் எளிதில் மறவார்.

ஒருமுறை பின்வாங்கில் இருந்த மாணவி எழுந்தாள். "சேர், புளோரீனுக்கும் சோடியத்துக்கும் நடுவில் நியோன் இருக்கிறதே, அதற்குச் சுரம் எங்கே?" என்றாள். வகுப்பு மௌனமாயிற்று. கணக்கு உதைத்ததை எல்லோரும் உணர்ந்தனர்.

நியூலன்ட்சின் காலத்தில் நியோனை எவரும் அறியார். ஆகன் 1894 இலும் நியோன் 1898 இலுமே கண்டறியப்பட்டன. அவற்றையும் சேர்த்தால் எட்டாவது ஒன்பதாவதாகிவிடும். கல்சியத்துக்கு அப்பாலோ எட்டு என்னும் கணக்கே பொருந்தாது. ஆனால் உறவு பொய்க்கவில்லை. இலிதியம், சோடியம், பொற்றாசியம் ஆகிய மூன்றின் அணுக்களிலும் வெளியோட்டில் ஒற்றை இலத்திரனே உண்டு. குணம் ஒத்திருப்பது அதனாலேயே. சுரக்கணக்கைப் பாடி வைத்திருந்தமையாலன்றோ அம்மாணவி குறையைக் கண்டாள்! வெறும் அட்டவணையை மனனஞ் செய்திருப்பின், நியோன் அவளுக்கு மற்றுமொரு பெயராகவே இருந்திருக்கும்.

ஆதலாற் பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். பிள்ளை பாடத்தைப் பாடித் திரிந்தால் அதட்டாதீர்கள். பாடி முடித்ததும், "இது ஏன் இவ்வாறு?" என ஒரு வினா மட்டும் கேளுங்கள். விடை தெரியாவிடின், நாளை வகுப்பில் அவ்வினாவை எழுப்ப அப்பிள்ளை தானே விரைந்து வரும்.